கிழங்கான் இனிப்பா இருக்குது

செவ்வந்திக்கு நாக்கில் ருசி போய் ஏழு மாதம் ஆகியிருந்தது. வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டு நாளானால் நாக்கு செத்துப்போச்சு என்று எல்லோரும் சொல்வதுதான். அவளுக்கு நிஜமாகவே செத்துப்போயிருந்தது.

நாக்குக்கு அடியில் வந்த சின்னப் புண் ஆறாமல் கிடந்தது. கள்ளக்குறிச்சியில் காட்டி, விழுப்புரத்தில் காட்டி, கடைசியில் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் முப்பத்துமூன்று நாள் கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைத்தார்கள். புண் போய்விட்டது. கூடவே எச்சிலும் போனது, வாசமும் ருசியும் போயின. சோறு நனைந்த காகிதம் மாதிரி இருந்தது. குழம்பு வெறும் வெந்நீர். சர்க்கரையை அள்ளிப் போட்டால் மணல்தான் கடிபட்டது. தண்ணீர் பாட்டில் இல்லாமல் தெருவில் இறங்க முடியாது. அறுபத்தொரு கிலோ இருந்தவள் நாற்பத்துநாலுக்கு வந்துவிட்டாள். வடக்கனந்தல் கடைத்தெருவில் பழகினவர்களே ஒரு நொடி நின்று பார்த்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்கினார்கள்.

"ருசி மெதுவா வரும். சிலருக்கு முழுசா வராம போறதும் உண்டு. சத்தா சாப்பிடணும். முட்டை, மீன், மெத்துன்னு இருக்கற எதுவானாலும் சரி" என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினாள். மெதுவாக என்றால் எத்தனை மாதம் என்று அரங்கநாதன் இரண்டு தடவை கேட்டான். அவள் அதற்குத் தேதி சொல்லவில்லை.

அரங்கநாதன் பஸ் டிரைவர். ஐம்பத்தாறு வயது. ஒருநாள் விட்டு ஒருநாள் டியூட்டி. மூன்று மணிக்கு எழுந்து, நாலரைக்குச் சின்னசேலம் ஒரு நடை அடித்துவிட்டு வந்து, ஏழேகாலுக்குக் கள்ளக்குறிச்சியிலிருந்து கடலூர் வண்டியை எடுப்பான். தியாகதுருகம், எலவனாசூர், உளுந்தூர்பேட்டை, பண்ருட்டி என்று நின்று நின்று போய்ச் சேரப் பத்தரை ஆகிவிடும். திரும்ப எடுப்பது ஒன்றே முக்காலுக்கு. நடுவில் இருக்கும் மூன்று மணி நேரத்தில் டிரைவர்கள் எல்லோரும் செய்வதையே அவனும் இருபது வருடமாகச் செய்துவந்தான். ஓய்வு அறையில் மின்விசிறிக்கு நேர் கீழே துண்டை விரித்துத் தூங்கினான்.

மீன் என்று டாக்டரம்மா சொன்ன பிறகு தூக்கம் நின்றது.

வடக்கனந்தலில் மீனுக்குப் பஞ்சமில்லை. கோமுகி அணை பக்கத்திலேயே இருக்கிறது. ஜிலேபியும் கட்லாவும் உயிரோடு துள்ளத் துள்ள வரும். கடல் மீன்தான் ஐஸ் பெட்டியில் இரண்டு நாள் கிடந்து, மொபெட்டில் ஏறி, கண் வெளுத்துப்போய் வரும். நாக்கைத் தட்டி எழுப்ப அணை மீன் போதாது, ஐஸ் மீனும் ஆகாது, கடலிலிருந்து நேராக வரவேண்டும் என்று அரங்கநாதனுக்கு எப்படியோ தோன்றிவிட்டது. கடலூரில் பஸ்ஸை நிறுத்திவிட்டு ஷேர் ஆட்டோ ஏறித் தேவனாம்பட்டினம் போனான். கடலுக்குள் கருங்கல்லைக் கொட்டி நீட்டியிருந்த தூண்டில் வளைவில் நாலைந்து பேர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். முதல் நாள் பார்த்துக்கொண்டு நின்றான். இரண்டாம் நாள் ஒருவரிடம் தூண்டிலை வாங்கி எறிந்து பார்த்தான். பத்து நாளில் சொந்தமாகக் கம்பும் ரீலும் வாங்கிவிட்டான். ஐந்து கிராம் ஈயம், பத்தாம் நம்பர் முள், இறால் துண்டு என்று வீட்டில் அவன் பேச ஆரம்பித்தபோது செவ்வந்திக்கு வேறு யாரோ பேசுவது போல இருந்தது.

எந்த மீன் ருசி என்று பார்ப்பவர்களையெல்லாம் கேட்டான். ஒருவர் சொன்னது இன்னொருவர் சொன்னதோடு ஒத்துப்போகவில்லை. ஆட்டோ ஓட்டும் பிரவீன்குமார், கழிமுகத்தில் கிடைக்கும் கொடுவாதான், அதற்கு மேல் மீனே இல்லை என்றான். டீக்கடைக்காரம்மா, சினை பிடித்த மடவைக்கு ஈடு எதுவும் இல்லை என்றாள். வலைக்காரப் பெரியவர் ஒருவர், கரையில் நின்று பிடிக்கிற மீன் எல்லாமே ருசிதான், ஐஸில் போட்டால் எல்லாமே ஒன்றுதான் என்று முடித்துவிட்டார். அரங்கநாதன் எல்லாவற்றையும் மனதில் வாங்கி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிடித்து வந்தான். தெர்மாகோல் பெட்டியில் வாழையிலையைச் சுற்றி வைத்து, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் சொருகி, நூறு கிலோமீட்டர் கொண்டுவந்தான். ஐந்து மணிக்குக் கள்ளக்குறிச்சி, டெப்போவில் வண்டியை விட்டு வீடு வர ஆறரை. ஏழு மணிக்குச் சட்டியில் குழம்பு கொதிக்கும்.

மடவை வந்தது. பாறைக்குட்டி வந்தது. முள் நிறைந்த சீலா வந்தது. ஒருநாள் உள்ளங்கை அகலத்தில் ஓரா வந்தது. ஒவ்வொரு தடவையும் அவன் காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் எதிரில் உட்கார்ந்து, அவள் முதல் வாய் வைப்பதைப் பார்ப்பான்.

"எப்டி இருக்குது?"

"தெரியலைங்க."

"கொஞ்சங்கூடவா?"

"சூடா இருக்குது."

அவன் தலையை ஆட்டிக்கொண்டு எழுந்து போவான். கிணற்றடியில் முகம் கழுவும் சத்தம் ரொம்ப நேரம் கேட்கும்.

இரண்டு மாதம் இப்படிப் போனது. பிறகு ஒருநாள் கிழங்கான் கொண்டுவந்தான். விரல் நீளத்தில், வெள்ளிப் பூச்சு பூசின மாதிரி எட்டு மீன். பிள்ளை பெற்றவளுக்கும் காய்ச்சல்காரனுக்கும் கடற்கரையில் இதைத்தான் கொடுப்பார்கள், நடு முள்ளை எடுத்துவிட்டால் வெண்ணெய் மாதிரி இருக்கும் என்று சொல்லிக்கொண்டே அவனே அறுத்தான். அன்று வெயிலில் நின்று நின்று அவன் கழுத்து கறுத்துத் தோல் உரிந்திருந்தது. கண் இரண்டும் சிவந்திருந்தன. கல்லில் வழுக்கி முழங்காலில் ஒரு சிராய்ப்பு. செவ்வந்தி மீனை வாயில் வைத்தாள். மெத்தென்று இருந்தது. அவ்வளவுதான். நிமிர்ந்து பார்த்தாள். அவன் கேட்கவில்லை. இந்தத் தடவை அவனுக்குக் கேட்கவே பயமாக இருந்தது என்று அவளுக்குத் தெரிந்தது.

"நல்லாருக்குதுங்க" என்றாள். "கிழங்கான் இனிப்பா இருக்குது."

அரங்கநாதன் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டான். துண்டை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டான். அன்று ராத்திரியே சேலத்தில் வேலை பார்க்கும் மகள் ஷாலினிக்குப் போன் போட்டான். அடுத்த டியூட்டியில் டெப்போ முழுக்கச் சொன்னான். தேவனாம்பட்டினத்து ஆட்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தானாம்.

அதிலிருந்து கிழங்கான்தான். கிழங்கான் எல்லா நாளும் கடிக்காது. அலை உடையும் இடத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று மணல் திட்டுக்கு அந்தப்புறம் எறிய வேண்டும். சில நாள் மூன்று கிடைக்கும், சில நாள் ஒன்று. ஒன்று கிடைத்த அன்று அவன் அதைத் தொடவே மாட்டான். அவள் தட்டில் வைத்துவிட்டு ரசத்தை ஊற்றிக்கொள்வான். "நீங்க சாப்புடுங்க" என்றால், "எனுக்கு இன்னா, எனுக்குத்தான் எல்லாமே ருசிக்குதே" என்பான். செவ்வந்தி அந்த மீனை மென்று மென்று விழுங்கினாள். மறுபடி மறுபடி இனிப்பாக இருக்கிறது என்று சொல்ல வேண்டியிருந்தது. நோயைவிட அதுதான் அவளுக்கு அலுப்பாக இருந்தது.

ஐப்பசி பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்டக்டர் அறிவுச்செல்வன் வீட்டுக்கு வந்தான். எட்டு வருடமாக அரங்கநாதனோடு ஒரே வண்டியில் போகிறவன். அரங்கநாதன் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சக் கொல்லைக்குப் போயிருந்தான். அது தெரிந்துதான் வந்திருக்கிறான் என்று அவன் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

"உக்காருப்பா. காப்பி போடட்டா?"

"வாணாம் அண்ணி. ஒண்ணு சொல்லணும். அண்ணனுக்குத் தெரிஞ்சா என்ன வெட்டிப் போட்டுருவாரு."

அவன் வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

"வியாழக்கெழம வர்றப்ப எலவனாசூர் தாண்டி அண்ணன் தூங்கிட்டாரு. ஸ்டேரிங்க புடிச்சிக்கினே தூங்கிட்டாரு அண்ணி. நான் நடுவுல டிக்கெட் போட்டுக்கினு இருந்தேன். வண்டி ரோட்ட வுட்டு மண்ணுல எறங்குது. எதுக்க புளியமரம். விசிலு வாயிலதான் இருந்துச்சு, ஊதுனேன் பாரு, எனுக்கே காது அடச்சிப்போச்சி. ஒடிச்சிட்டாரு. மரத்துக்கும் வண்டிக்கும் ஒரு கை எடந்தான்."

செவ்வந்தி அவன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"யாருக்காச்சும்..."

"யாருக்கும் ஒண்ணும் ஆவல. ஆடு குறுக்க வந்துச்சின்னு நெனச்சிக்கினாங்க. நானும் அப்டியே சொல்லிட்டேன். உள்ள அம்பத்திரெண்டு பேரு. ஒரு பொண்ணு கைக்கொழந்தைய வச்சிக்கினு மொத சீட்டுல." அவன் குரல் இறங்கியது. "அவரு தூங்கறதே இல்ல அண்ணி. கடலூருல மூணு மணி நேரமும் தண்ணியில நிக்கறாரு. நான் சொன்னா, எங்க வூட்டுக்காரிக்கு அது ஒண்ணுதான் ருசிக்குது, நீ சும்மா இருன்றாரு. நீங்க சொன்னாதான் கேப்பாரு."

அவன் போன பிறகு அவள் அடுப்பு மேடைக்கும் வாசலுக்கும் நாலு தடவை நடந்தாள். வாய் காய்ந்து ஒட்டிக்கொண்டது. தண்ணீர் குடித்தாள். அதுவும் ஒட்டாமல் இறங்கியது.

அன்று மாலை சொல்லிப் பார்த்தாள். "இனிமே மீனு வாணாங்க. தெனம் மீனு, சலிப்பா இருக்குது."

"தெனமா? ஒருநாள் வுட்டு ஒருநாள்தானே."

"போதுங்க. உங்களுக்குக் கஷ்டம்."

"எனுக்கு இன்னா கஷ்டம்? நீ சாப்புட்டு ரெண்டு கிலோ ஏறிட்ட. ஆஸ்பத்திரியிலயே சொன்னாங்க இல்ல?" என்று சிரித்துவிட்டு ரீலுக்கு எண்ணெய் விட உட்கார்ந்துவிட்டான். ருசியே தெரியவில்லை என்பதை அந்தச் சிரிப்புக்கு எதிரில் எப்படிச் சொல்வது? வீட்டுக்குள் வைத்து இதைச் சொல்ல முடியாது என்று தோன்றியது.

"நாளைக்கு நானும் வரேன்" என்றாள். "அந்தக் கடலப் பாக்கணும் போல இருக்குது."

அவன் நம்பாமல் பார்த்தான். பிறகு, "மொத சீட்டு போட்டு வைக்கச் சொல்றேன்" என்றான்.

திங்கட்கிழமை ஏழு மணிக்குக் கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் ஏறி, டிரைவருக்கு இடப்பக்கத்து முதல் சீட்டில் உட்கார்ந்தாள். மடியில் தண்ணீர் பாட்டில். கல்யாணமாகி இருபத்தொன்பது வருடத்தில் அவன் வண்டி ஓட்டுவதை இவ்வளவு பக்கத்திலிருந்து அவள் பார்த்ததில்லை. தியாகதுருகத்து மலைக்கோட்டை வலப்பக்கமாகப் போனது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏறினார்கள், இறங்கினார்கள். அவன் கழுத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒருமுறை தலை லேசாக முன்னே சாய்ந்த மாதிரி இருந்தது. "ஏங்க" என்றாள். "இன்னா?" என்று உடனே பதில் வந்தது. ஒன்றுமில்லை என்றாள். எலவனாசூர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அறிவுச்செல்வன் அவள் பக்கம் திரும்பிக் கண்ணாலேயே ஒரு மரத்தைக் காட்டினான். பெரிய மரம். அடியில் சுண்ணாம்புப் பட்டை அடித்திருந்தது. ஓரத்து மண்ணில் டயர் கோடு இன்னும் அழியவில்லை.

தேவனாம்பட்டினத்தில் அவள் நினைத்ததைவிட வெயில் அதிகம். காற்று மட்டும் இருந்தது. அவளுக்குக் கடல் வாசம் வரவில்லை. கல் மேல் நின்றவர்கள், "வாங்க டிரைவரே" என்றார்கள். "இவங்கதான் கிழங்கான் அம்மாவா?" என்று பிரவீன்குமார் கேட்டான். அரங்கநாதன் வெட்கப்பட்டு, "ஆமாப்பா" என்றான். கால் சட்டையை முழங்காலுக்கு மேலே மடித்துக்கொண்டு இறங்கினான். கம்பைத் தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வீசினான். நைலான் நரம்பு சர்ரென்று ஓடி எங்கோ விழுந்தது. வீட்டில் குனிந்தே நடக்கிறவன் இங்கே நிமிர்ந்து நின்றதை அவள் பார்த்தாள். சொல்ல வந்ததை இன்னும் கொஞ்ச நேரம் கழித்துச் சொல்லலாம் என்று ஒரு கல்லில் உட்கார்ந்தாள்.

அரை மணி நேரம் கழித்து, தூண்டிலை மறுபடி எறிந்து கம்பைக் கல்லில் சாய்த்துவிட்டு, ஒரு கிழங்கானோடு மேலே வந்தான். உள்ளங்கையில் வைத்து அவளிடம் நீட்டினான். மீன் இன்னும் வாயைத் திறந்து திறந்து மூடியது.

"பாரு. உன் மீனு."

"எனுக்கு அது ருசிக்கலைங்க" என்றாள்.

"இன்னா?"

"ருசிக்கல. அன்னைக்குப் பொய் சொன்னேன். ஒருநாளும் ருசிக்கல. எனுக்கு எதுவுமே தெரியல."

அவன் மீனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். ஈரக் கையோடு அவளுக்கு எதிரில் உட்கார்ந்தான். கோபம் வரும் என்று அவள் காத்திருந்தாள். அவன் ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தான்.

"அப்ப அந்தச் சின மடவ?"

"தெரியல."

"ஓரா? அன்னைக்கு ரெண்டு துண்டு சாப்டியே."

"நீங்க பாத்துக்கினு இருந்தீங்க. அதான் சாப்ட்டேன்."

"சீலா?"

"அதுல முள்ளு இருந்துச்சு. முள்ளு தெரிஞ்சுது."

அவன் கடல் பக்கம் திரும்பிக்கொண்டான். "ஊரு பூரா சொல்லிக்கினு திரிஞ்சேனே" என்றான். பிறகு கொஞ்சம் குரல் ஏறியது. "மூணு மாசமா? மூணு மாசமா என்ன இந்தத் தண்ணியில நிக்க வச்சிட்டு..."

"நான் நிக்கச் சொல்லல."

"சொல்லல. இனிக்குதுன்னு சொன்ன. அதுக்கு வேற இன்னா அர்த்தம்?"

"அந்தப் புளியமரத்த இன்னைக்குப் பாத்தேன்" என்றாள்.

அரங்கநாதனின் முகம் சட்டென்று விழுந்துவிட்டது. கல் இடுக்கில் விரலை விட்டுக் கிளிஞ்சலைச் சுரண்டினான்.

"அறிவு சொல்லிட்டானா?"

"ஆமா. அம்பத்திரெண்டு பேருன்னான். ஒரு கைக்கொழந்த. என் நாக்குக்காவ அத்தன பேருங்க."

"உன் நாக்குக்காவ மட்டுமில்ல." அவன் நிமிராமலே பேசினான். "டிரைவருங்க ரூம்ல படுத்தாலும் தூக்கம் வர்றதில்ல செவ்வந்தி. கண்ண மூடுனா ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்துக்கினு இருக்கற மாதிரியே இருக்குது. முப்பத்திமூணு நாளும் அந்தக் கதவ மூடுவாங்க இல்ல, செவப்பு பல்பு எரியுமே, நான் வெளிய நின்னு அதையே பாத்துக்கினு இருப்பேன். இங்க வந்து நின்னா நரம்ப மட்டும் பாத்தா போதும். வேற ஒண்ணும் நெனவுக்கு வர்றதில்ல. நீ இனிக்குதுன்னதும் சரி, நான் செய்யறதுக்கு ஒண்ணு இருக்குதுன்னு புடிச்சிக்கினேன்."

அவளுக்கு வாய் காய்ந்தது. பாட்டிலை எடுத்து ஒரு மடக்குக் குடித்துவிட்டு அவனிடம் நீட்டினாள். அவனும் குடித்தான்.

அப்போது கல்லில் சாய்த்து வைத்திருந்த கம்பு வளைந்தது. அவன் எழுந்து பிடித்தான். மனமில்லாமல்தான் சுற்றினான். கனமாக வந்தது. தண்ணீரை விட்டு மேலே வந்தபோது கறுத்த முதுகும் நீண்ட மீசையுமாகக் கெளுத்தி. முழங்கை நீளம் இருக்கும். 'கர்ர் கர்ர்' என்று முனகியது.

"கெளுத்தியா, தூக்கிப் போடு டிரைவரே" என்றான் பிரவீன்குமார். "முள்ளு குத்துனா ரெண்டு நாளைக்குக் கடுக்கும்."

அரங்கநாதன் குறடால் தூண்டில் முள்ளைக் கழற்றிவிட்டு, மீனைத் தண்ணீருக்குள் விடப் போனான். ஆனால் உடனே விடவில்லை. கையில் ஒருமுறை எடை பார்த்த மாதிரி நிறுத்தினான். செவ்வந்தி அதைக் கவனித்தாள்.

"ஏன் வுடறீங்க?"

"உனுக்குத்தான் ஆவாதே."

ஆகாதுதான். கல்யாணமான புதிதில் ஒருநாள் அவன் கெளுத்தி வாங்கி வந்திருந்தான். அந்தக் கவிச்சியில் குடல் வெளியே வருவது போல வாந்தி எடுத்துவிட்டு, இந்த மீன் இனிமேல் வாசப்படி ஏறினால் நான் எங்கம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று அவள் கத்தியிருக்கிறாள். அதன் பிறகு அந்த வீட்டில் கெளுத்தி என்ற பேச்சே கிடையாது. அவன் எங்காவது வெளியில் சாப்பிட்டானா என்றுகூட அவள் கேட்டதில்லை.

"ஊருல இருக்கறவங்கள எல்லாம் எது ருசின்னு கேட்டீங்க. உங்களுக்கு எதுங்க ருசி?"

அவன் யோசிக்கவே இல்லை. "இதான்" என்றான். "கரையில நின்னு எத்தன புடிச்சாலும் இதுக்கு அப்பறந்தான் மத்ததெல்லாம். வயித்துப் பக்கம் கொழுப்பு இருக்கும் பாரு. புளி கொஞ்சம் ஜாஸ்தியா வுட்டு, மொத நாள் வச்ச கொழம்ப மறுநாள் பழைய சோத்துல ஊத்தினா..." பாதியில் நிறுத்திக்கொண்டான். "நீ வந்தப்பறம் இந்த மீன நான் நெனச்சிக்கூடப் பாக்கறதில்ல."

"எடுத்துக்கினு வாங்க. நான் வைக்கறேன்."

"உனுக்குக் கவிச்சி..."

"எனுக்குத்தான் இப்ப மூக்கும் இல்ல நாக்கும் இல்லையே" என்றாள். "உங்களுக்கு இதுதான் நல்ல நேரம்."

அவன் அவளைப் பார்த்துச் சிரித்தான். சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு, குறடால் கெளுத்தியின் மூன்று முள்ளையும் ஒடித்துப் பெட்டிக்குள் போட்டான்.

மணி பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருந்தது. கரையில் கவிழ்த்து வைத்திருந்த ஃபைபர் படகு ஒன்றுக்கு இந்தப்புறம் நிழல் விழுந்திருந்தது. "அங்க போய்ப் படுங்க" என்றாள். அவன் வேண்டாம் என்றான். தூக்கம் வராது என்றான். "வரலன்னா சும்மா கண்ண மூடிக்கினு கெடங்க. நான் இங்கயேதான் இருக்கறேன். ஒண்ணுக்கு எழுப்பறேன்" என்று துண்டை அவளே விரித்தாள். கம்பை அவளிடம் கொடுத்துவிட்டு, இறால் துண்டைக் கோர்த்துப் பக்கத்திலேயே ஒரு வீசு வீசிவிட்டு அவன் போய்ப் படுத்தான். கொஞ்ச நேரம் புரண்டான். பிறகு வாய் திறந்துகொண்டது. குறட்டை வந்தது. பிரவீன்குமார் ஏதோ கத்திப் பேச வாயெடுத்தான். செவ்வந்தி உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். அவன் தள்ளிப் போய்விட்டான்.

அவள் படகில் முதுகைச் சாய்த்து, கம்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவளுக்கும் உடம்பு கெஞ்சியது. பத்து நிமிடம் கண்ணை மூடினால் தேவலை என்றிருந்தது. மூடவில்லை. கொஞ்ச நேரத்தில் நரம்பு வழியாக ஒரு தட்டு வந்தது. இன்னொரு தட்டு. பிறகு நன்றாக இழுத்தது. கம்பின் நுனி குனிந்து எழுந்தது. அவளுக்குச் சுற்றத் தெரியாது. சத்தம் போட்டால் அவன் எழுந்துவிடுவான். விரலில் அந்த இழுப்பை உணர்ந்தபடி அப்படியே இருந்தாள். தின்னு, தின்னுட்டுப் போ என்று மனதுக்குள் சொன்னாள். ஒரு நிமிடம் இழுத்துப் பார்த்துவிட்டு அது போய்விட்டது. நரம்பு தளர்ந்தது. என்ன மீன் என்று தெரியவில்லை.

ஒரு மணிக்கு அவனை எழுப்பினாள். எங்கே இருக்கிறோம் என்று ஒரு கணம் புரியாமல் எழுந்து உட்கார்ந்தான். கன்னத்தில் துண்டின் கோடு பதிந்திருந்தது.

திரும்பி வரும்போது தலை சாயவில்லை. அவளும் கண்ணை எடுக்கவில்லை. கள்ளக்குறிச்சியில் வண்டியை விட்டதும் டெப்போ ஆபீசுக்குள் போய் நாலு நாள் லீவு எழுதிக் கொடுத்தான். கடலூர் வண்டியிலிருந்து மாற்றி உள்ளூர் நடை ஏதாவது கொடுக்கும்படியும் கேட்டானாம். பார்க்கலாம் என்றார்களாம். புளியமரத்தை அவன் அங்கே சொன்னானா என்று அவள் கேட்கவில்லை. பஸ்ஸில் வடக்கனந்தல் வரும்போது அவனாகவே, "சொல்லிட்டேன்" என்றான். "எழுதிக் குடுன்னாங்க. குடுத்துட்டேன். இன்னா வருதோ வரட்டும். அறிவு பேர மட்டும் இழுக்கல."

வீட்டுக்கு வந்து கல்லுப்பும் புளியும் போட்டுக் கெளுத்தியைத் தேய்த்துக் கழுவினாள். வழவழப்பு போக நாலு தண்ணீர் ஆனது. அவன் ஜன்னலைத் திறந்து வைத்தான், பிறகு எதற்கு என்று அவனுக்கே சிரிப்பு வந்து மூடினான். உப்பு, காரம் எல்லாம் கை அளவுதான். கொதி வந்ததும் கரண்டியில் எடுத்து அவன் உள்ளங்கையில் விட்டாள்.

"உப்பு?"

"கம்மி."

போட்டாள். மறுபடி விட்டாள்.

"புளி இன்னும் கொஞ்சம் வுடு."

இப்படி நாலு தடவை ஆயிற்று. சாப்பிட உட்கார்ந்தபோது அவளும் ஒரு துண்டு வைத்துக்கொண்டாள். அவன் அவள் முகத்தைப் பார்த்தான். கேட்கலாமா என்று தயங்கினான்.

"ஒண்ணும் தெரியலைங்க" என்று அவளே சொன்னாள். "மெத்துன்னு இருக்குது. சூடா இருக்குது. அவ்ளோதான்."

"சரி" என்றான். பிறகு குனிந்து தன் தட்டைப் பார்த்துச் சாப்பிட ஆரம்பித்தான். வயிற்றுப் பக்கத்துத் துண்டை விரலால் வழித்துத் தின்றான். அவன் இப்படிச் சாப்பிட்டு அவள் பார்த்து எத்தனை மாதமோ ஆகியிருந்தது.

மறுநாள் காலையில் மீதிக் குழம்பைப் பழைய சோற்றில் ஊற்றி இரண்டு வட்டில் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவன் பதினோரு மணியாகியும் எழவில்லை. தெருவில் கரும்பு ஏற்றிய டிராக்டர் பாட்டு போட்டுக்கொண்டு போனது. அதற்கும் எழவில்லை. செவ்வந்தி கதவைச் சாத்திவிட்டு வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். ஷாலினி போன் செய்தாள்.

"அப்பா எங்கம்மா? போன எடுக்கல."

"தூங்கறாரு."

"இந்நேரத்துலயா? ஒடம்பு சரியில்லையா?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. நாலு நாளு லீவு போட்டுருக்காரு. தூங்கட்டும்."

"நேத்து இன்னா மீனு? கிழங்கானா?"

"கெளுத்தி."

"நீயா வச்ச? நம்ம வூட்டுலயா?"

"ஆமா. அப்பாவுக்குப் புடிக்கும்" என்றாள் செவ்வந்தி. வெங்காயத் தோலை முறத்திலிருந்து தட்டிவிட்டாள். "சட்டியில இன்னும் ரெண்டு துண்டு இருக்குது. எழுந்தா கேப்பாரு. நான் அப்பறம் பேசறேன், வையி."